வெட்டுப்பட்ட காட்சியில் இருந்த காரணம்

சென்ற ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் ஏதோ பழைய ஆங்கிலப் படம் தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. விண்கலம், புகை, சிவப்பு விளக்கு. அந்தப் படத்தின் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் நாயகனின் நெற்றித் தழும்பைப் பார்த்ததும் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் பார்க்காத ஒரு காட்சி அடுத்து வரப்போகிறது.

கரையான்சாவடியில் அப்போது ஒரு தியேட்டர் இருந்தது. வறுத்த கடலை, பீடி, ஈரச் சுவர் மூன்றும் கலந்த அதன் வாசனையோடு எனக்கு இன்னொரு வாசனையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்: மெர்சி அக்காவின் கையிலிருந்த மெஷின் எண்ணெய். எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. அம்மா காலமான பிறகு, முத்தாபுதுப்பேட்டை வீட்டில் அப்பாவின் இரைப்பும் என் படிப்பும் அந்தக் கைகளில்தான் இருந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையில் அவளுக்கு வேலை. அந்த இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டையும் இரு கைகளால் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே அகப்படாமலிருக்கச் செய்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று சிலர் ஒரு பட்டனுக்கு மரத்துண்டால் முட்டுக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அக்கா மட்டும் கடைசிவரை முட்டு வைக்கவில்லை.

அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் தாஸ் அண்ணன். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் மதியக் காட்சிக்குப் போகும்போதெல்லாம் தற்செயலாக அவரும் வந்து அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்வார். பதினேழு வயதுவரை அதைத் தற்செயல் என்றே நம்பினேன். நூலகத்தில் நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தவள் நான்!

ஒரு ஞாயிறு அங்கே பார்த்த அந்தப் படத்தில் கலம் உடைகிறது. எல்லாரும் ஒரு சிறு ஓடத்தில் தப்பவேண்டும். அதற்கான கதவு திறந்திருக்க, யாராவது ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும். நாயகன் பிடித்துக்கொள்கிறான். அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டால் அந்தத் தியேட்டரில் ஆங்கிலப் படத்தை இரக்கமில்லாமல் வெட்டுவார்கள். ஒரு தாவலில் ஓடம் வெளியே பறந்தது, கலம் வெடித்தது.

“இன்னா மெர்சி இது?” என்றார் தாஸ் அண்ணன் உரக்க. “அந்த லீவருக்கு ஒரு முட்டு குடுத்துட்டு ஓடியாந்தா மேட்டர் முடிஞ்சிது. இவன் இன்னாத்துக்கு சாவணும்?”

“அண்ணாத்தே, நீ போய் குடுத்துட்டு வா! நாங்க வெயிட் பண்றோம்!” என்றது பின்வரிசை. தியேட்டரே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. “முட்டு நழுவும்” என்றாள்.

“நல்லதா பாத்து வெச்சா?”

“நழுவாத முட்டு எங்க கீது தாஸு? போன மாசம் நம்ம பட்டறையில வள்ளி கைய நீ பாக்கல?”

அவர் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். கடலை கேட்கிறார் என்று நினைத்துப் பொட்டலத்தை நீட்டினேன்.

பேருந்து நிறுத்தத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. “தங்கச்சி பெரிய பொண்ணாயிடுச்சி. அப்பாவ அது பாத்துக்கும். நீ மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கினு போ. கோயில்ல நம்ம கல்யாண ஓலை வாசிக்க சொல்லட்டா?”

“அது படிக்கட்டும்” என்றாள் அக்கா. அவ்வளவுதான். ஆவடி பேருந்து வந்தது, அவர் ஏறவில்லை.

வழியில் எதைக் கேட்பதென்று தெரியாமல் நான் படத்தைப் பற்றியே கேட்டேன்: “அவன் ஏங்க்கா அங்கயே நின்னான்?”

“நடுவுல வெட்டிட்டானுங்கடீ. அதுல காரணம் இருக்கும்.”

தாஸ் அண்ணன் ஓசூரிலேயே மணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டோம். அப்பா அதன்பின் பதினோரு ஆண்டுகள் இருந்தார். நான் படித்தேன், ஆசிரியையானேன். அக்கா எங்கும் போகவில்லை. எப்போதாவது, சம்பந்தமே இல்லாமல், கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்பாள்: “அந்த வெட்டுன சீன்ல இன்னாடீ இருந்திருக்கும்?”

சென்ற ஞாயிறு அதைப் பார்த்தேன். கூட இருந்த இளம்பெண் ஒரு இரும்புக் கம்பியைத் தூக்கி வருகிறாள். இதை முட்டுக் கொடுத்துவிட்டு எல்லாரும் போகலாம் என்கிறாள். அவன் கம்பியைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். கம்பியை வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவளை ஓடத்துக்குள் தள்ளுகிறான். அவ்வளவுதான். அந்தக் கம்பி தாங்குமா என்று யாரும் ஒரு முறைகூட வைத்துப் பார்க்கவில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அக்கா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருந்திருந்தால் துணியை அப்படியே போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் அவளிடம் சொல்லியிருப்பேன்: “காரணம் இருந்துச்சிக்கா. முட்டு குடுத்துப் பாத்தாங்க. நழுவிடுச்சி.”