சாமி வரட்டும்

ஜெர்மனியில் குழந்தையோடு ஓட்டலுக்குப் போவதையே நாங்கள் விட்டிருந்தோம். மூன்று வயது மகள் அலறினால் பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிடும். விடுமுறையில் ஏற்காட்டு மெஸ் ஒன்றிலும் அவள் தட்டைத் தள்ளிவிட்டு அலறினாள். பழக்கதோஷத்தில் அவள் வாயைப் பொத்தப் போனேன்.

பரிமாறிய அம்மா சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டு பேசினார்.

"அழுவட்டும் உடுங்க. கொழந்த அழுவாம வேற ஆருங்க அழுவறது?" என்றவர், இட்லியைப் பிட்டு நீட்டினார். "ஒரு வாய் வாங்கிக்கங்க சாமி."

குழந்தைகளைச் செல்லமாகச் சாமி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நாங்களோ பூஜைப் படத்தில் இருப்பவரைத்தான் சாமி என்று மகளுக்குச் சொல்லியிருந்தோம். அந்த அம்மா தன் பெயரைச் சொல்வதாக நினைத்து, அழுகையை நிறுத்தி என்னிடம் கேட்டாள்: "இவங்கதான் சாமியாம்மா?"

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆமாஞ்சாமி" என்றார். மகள் கைகூப்பிவிட்டு வாயைத் திறந்தாள். தட்டு காலியானது.

ஜெர்மனி திரும்பியதும் அந்தத் தைரியத்தில் ஓர் ஓட்டலுக்குப் போனோம். கறுப்புக் கோட்டு போட்ட பணியாளர் தட்டை வைத்தார். மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சாமி வரட்டும்" என்றாள்.

நானும் அவளோடு சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.