கென்யாவில் நான் விரட்டிய யானை

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வயல்கள் எல்லாம் ஒரே வட்டையாக, வரம்புக்கு வரம்பு தொட்டுக்கொண்டு காட்டோரம் வரை கிடக்கின்றன. அந்த வட்டையின் ஒரு முனையில் நின்று நான் கத்தினால் மறுமுனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். கதிர் முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். சிறுமியாக இருந்த நாளிலிருந்தே நான் காவலுக்குப் போகிறேன். யானை விரட்டும் வெடி நனைந்துபோனால் பக்கத்து வயல்காரர்கள்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என் கணவருக்கு இந்தக் குரல் ஆகாது. அவர் பட்டணத்தில், புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கலியாணம், வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம் என்று வந்த முகங்களுக்கெல்லாம் "கொஞ்சம் சிரியுங்க, நாடிய உயர்த்துங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர். யாரையும் சிரிக்கச் சொல்லாமல் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும், அது ஒரு யானையின் முகமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உங்கள் ஊரில் இல்லாத யானையா என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் யானை வந்தால் இங்கே ஊரே வெடியும் பந்தமுமாக ஓடும். அடுத்தவருடைய நெல் வேளாண்மை அழிந்துகொண்டிருக்கும்போது கமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியுமா? நின்றால் யானைக்கு ஓங்கிய தடி இவர் முதுகில்தான் விழும். அவரும் வெட்கம் தெரிந்த மனிதர், ஒருநாளும் போகவில்லை.

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பையில் தெரிந்தது, அடுத்து படங்களில். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் மகள் அவருடைய ஆசையை மறக்கவில்லை. "அப்பா, கை இன்னும் மோசமாகிறதுக்கு முன்னுக்குப் போய் எடுத்துட்டு வாங்க" என்று கென்யாவில் படம் எடுப்பவர்களுக்கான காட்டுப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தாள். தனி வாகனம், கூடவே ஒரு வழிகாட்டி. பை தூக்க நான். புறப்படுவதற்கு முதல் நாள் இவர் முன் அறைச் சுவரில் ஒரு ஆணி அடித்தார். யானைப் படம் மாட்டத்தானாம். எடுக்காத படத்துக்கு ஆணி அடிக்கும் ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று நான் அன்று முழுக்கக் கேலி செய்தேன்.

வழிகாட்டி நெடிதாக வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர். மிருகத்துக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார், ஆள் அறிந்தவர். இவருடைய கையைக் கண்டதும் ஒன்றும் விசாரிக்காமல், ஏதோ பயறு நிரப்பிய துணிப் பை ஒன்றை வாகனத்தின் திறந்த கூரை விளிம்பில் வைத்து, அதன்மேல் கமராவைப் படுக்க வைத்தார். நடுக்கம் அந்தப் பைக்குள் போய் அடங்கிவிட்டது. இவர் பையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். கடை மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. எனக்கும் சந்தோசமாக இருந்தது.

புல்வெளியில் தொடங்கினோம். கண் போகும் இடமெல்லாம் புல், அறுவடைக்கு ஆள் இல்லாத வயல்போல. சிங்கம் எனக்குப் பெரிய ஏமாற்றம். மரநிழலில் மல்லாந்து கிடந்தது, ஈ மொய்த்தது, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு உப்பேரிக்குப் போனோம். கரை முழுக்கப் பூநாரைகள், தண்ணீரே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பு. நம்முடைய வாவியில் கூழைக்கடாக்கள் வந்து குந்தினாலே வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பவள் நான், அங்கே சாப்பாட்டையும் மறந்தேன். அடுத்து சிவந்த மண்ணும் முட்பற்றைகளுமான வறண்ட பூமி. வழிநெடுக இவர் நல்ல படங்கள் எடுத்தார். யானைகள் மட்டும் தூரத்தில் புழுதிக்குள் நின்றன, அல்லது எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டின. "நம்மட ஊர் யானைகள் தகவல் அனுப்பியிருக்குதுகள் போல" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

கடைசி மாலை. உச்சியில் பனி கிடந்த பெரிய மலை ஒன்றின் கீழே, பச்சைச் சதுப்பு நிலத்தோரம் வாகனத்தை நிறுத்தினார் வழிகாட்டி. சதுப்புக்குள்ளிருந்து ஒரு கொம்பன் எழுந்து எங்களை நோக்கி நேரே வந்தது. வெயில் அதன் நெற்றியில் பட்டது. இவர் பைமேல் கமராவை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக. அது இன்னும் கொஞ்சம் நெருங்கி முகத்தை முழுதாகத் திருப்பட்டும் என்று அவர் காத்திருந்தார். யானை நின்றது. தும்பிக்கையால் ஒரு கொத்துப் புல்லைச் சுற்றி வேரோடு பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறியது.

அந்தத் தட்டும் சத்தத்தை எனக்குத் தெரியும். எங்கள் வயலில் வேளாண்மையைப் பிடுங்கி யானை அப்படித்தான் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்க நேரமில்லை, கத்த வேண்டும். கை வாயைவிட்டு எப்போது இறங்கியது என்று எனக்கே தெரியாது.

"ஹூஊஊய்! போ வெளிய! போ!"

கொம்பன் காதை விரித்தது, வாலைத் தூக்கியது, கிறுகித் திரும்பி ஒரே ஓட்டமாகச் சதுப்புக்குள் போனது. தூரத்தில் மேய்ந்த வரிக்குதிரைகளும் ஓடின. வழிகாட்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இவர் கமராவில் விழுந்த படத்தைப் பார்த்தார். புழுதியும் ஒரு வாலும்.

"உன்ட வயலா புள்ள இது?" என்று மட்டும் கேட்டார்.

ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அந்த ஒரு கேள்விக்கு அழுதேன். விமானம் ஏறும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆகாயத்தில் சாப்பாடு வந்தபோது தன்னுடைய இனிப்பை எடுத்து என் தட்டில் வைத்தார். கோபம் தீர்ந்ததென்று அர்த்தம். ஆனால் ஊருக்கு வந்து பூநாரைப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தபோது அதை அந்த ஆணியில் மாட்டவில்லை, பக்கத்துச் சுவரில் வேறொரு ஆணி அடித்தார். முன் அறையைக் கூட்டும்போதெல்லாம் அந்த வெறும் ஆணி என் கண்ணில் பட்டது.

மாரி வேளாண்மை முற்றியது. ஒரு தனியன் யானை இரண்டு நாளாக, பொழுது சாய முன்னமே, எங்கள் பக்கத்து வேலியைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் நாள் நான் ஒரு சின்னத் துணிப் பையில் நெல்லை நிரப்பி வாயைத் தைத்தேன். சோற்றுப் பெட்டியோடு கமராவையும் எடுத்து வைத்தேன்.

"இண்டைக்கு நீங்களும் காவலுக்கு வாங்க."

"நான் வந்து என்ன செய்யிற?"

"வாங்களன்."

மரத்தின்மேல் கட்டிய பரணில் இருவரும் ஏறி இருந்தோம். அடுத்த பரணில் என் தம்பி. வெயில் சரிந்து கதிர்மேல் மஞ்சளாக விழுந்த நேரம், தனியன் வந்தது. காட்டோரத்து வயல்களைத் தாண்டி நேராக என் வயலுக்குள்தான் இறங்கியது. சீதனமாக என் பெயருக்கு எழுதித் தந்த வயல், அதனால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டேன். பரண் சட்டத்தில் நெற்பையை வைத்தேன். இவர் என்னைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், பிறகு கமராவைப் பைமேல் வைத்தார்.

யானை ஒரு கொத்துக் கதிரைப் பிடுங்கிக் காலில் தட்டியது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். இன்னொரு கொத்து. இன்னொன்று. என் கையால் நாற்று நட்ட இடம் அது. மடியில் போன் அதிர்ந்தது. தம்பி. "அக்கா, உங்கட வயலுக்குள்ள நிக்கிது! ஏன் உங்கட சத்தத்தக் காணல்ல?" போனை அணைத்தேன். யானை வாய் நிறைய என் வேளாண்மையோடு தலையை உயர்த்தி, பரண் பக்கம் முழு முகத்தையும் திருப்பியது. கமரா ஒருமுறை சொடுக்கியது. பிறகு இன்னொரு முறை.

அவர் கமராவை இறக்கி வைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"போதும்," என்றார். "இனிக் கத்து புள்ள."