மொட்டைமாடியில் ஆடு வளர்த்த மந்தைவெளி வீடு

மொட்டைமாடியில் குழந்தைகள் திருட்டுத்தனமாக ஆட்டுக்குட்டி வளர்ப்பார்களே, அந்தப் படத்து வீடு மந்தைவெளியில்தான் இருக்கிறது. கேசட் தேயத் தேயப் பார்த்த என் மகளை இன்று கூட்டிப்போனேன்.

வீட்டுக்கார மாமி கேட்டைத் திறக்கவில்லை. "வாசல்லேயே பாத்துட்டுப் போங்கோ."

மகள் முகம் வாடிவிட்டது. "ஆட்டுக்குட்டி தூங்கின மாடிப்படி இங்கேருந்து தெரியலையே, மாமி."

"எங்காத்துல ஆடா? ஷூட்டிங்னு எங்களை மாம்பலம் அனுப்பிட்டா. நான் படமே பாக்கலைடி. உள்ள வா, என்ன நடந்ததுன்னு சொல்லு."

மாடிப்படியில் நின்று முழுக்கதையையும் நடித்தே காட்டினாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கா இப்படி ஒரு மகள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"படம் பாத்து நீங்களும் அழுதேளா?" என்றார் என்னிடம்.

"அப்பா பாதியிலேயே தூங்கிடுவார்" என்றாள் மகள்.

குழந்தைகள் படத்தை முடிவுவரை பார்த்த அப்பாக்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்.