நால்வரை ஒரே ஷிப்டில் சேர்த்த கதை

தொழிற்சாலையில் மனிதவளத்தை நிர்வகிப்பவர் மனிதவள அதிகாரி என்றொரு நம்பிக்கை நாட்டில் வேரூன்றியிருக்கிறது. மிகுந்த வருத்தத்துடன் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. நிர்வகிப்பவை வெளிச்சூழலும் உட்சூழலும்; அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ஒரகடத்தில் என்னைப் போலவே மனிதவள அதிகாரியாக அவதிப்படும் உங்களுக்கு இது தெரியும். சட்டம், பொருளாதாரம், தொழில்நுட்பம், போட்டி, பண்பாடு என வெளிச்சூழலின் ஐந்து வகைகளையும் மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவன் நான்.

நல்லது செய்தேன்

எங்கள் சோதனை லைனில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர். சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறை. வேலை மட்டும் மூன்று ஷிப்டுகளில். தோழிகளைப் பிரிப்பது உட்சூழலுக்குக் கேடு என்று நானாக முடிவுசெய்து, நால்வரையும் காலை ஷிப்டில் சேர்த்தேன். மறுவாரம் நால்வரும் என் அறைக்கு வந்தார்கள். நன்றி சொல்லத்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பழையபடி எங்களைப் பிரிச்சு விட்டுருங்க சார்," என்றாள் அவர்களில் மூத்த பேச்சியம்மாள்.

"என்னம்மா, சண்டையா?"

"இல்ல சார். சண்டை வந்துரக் கூடாதுன்னுதான் கேக்கோம்."

எதிர் கேட்

அங்கீகரித்த அட்டவணையை மாதக் கடைசி வரை மாற்ற முடியாது என்று விதியை ஒப்பித்து அனுப்பினேன். அது உட்சூழல். அன்றே சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு புதிய கம்பெனி 'ஆட்கள் தேவை' என்று பேனர் கட்டியது. அது வெளிச்சூழல். இந்த நால்வர் போனால் லைன் நிற்கும். லைன் நின்றால் மேலிடம் என்னைத்தான் கூப்பிடும்.

மறுநாள் சூப்பர்வைசர் தனசேகர், உள்ளூர்க்காரர், ரசித்துச் சொன்னார்: "இன்னா சார், உங்க நாலு பேரும் எதுத்த கேட்டாண்ட நின்னுகினு கீறாங்க. பேனரை போட்டோ வேற எடுக்குறாங்க."

ஆறாவது வகை

பதவியின் கௌரவத்தைப் பாராமல் சாலையைக் கடந்து ஓடிப்போய்க் காரணம் கேட்டேன். முன்பே கேட்டிருக்கலாம், அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரிதான். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. பழைய ஏற்பாட்டில் எந்நேரமும் ஒருத்தியாவது அறையில் இருந்து டிரம்மை நிரப்பிவிடுவாள். இப்போது நால்வரும் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து லாரி வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறது. யார் லீவு போட்டுக் காத்திருப்பது என்பதில்தான் சண்டை வரப் பார்த்திருக்கிறது.

"மூணு நாளா யூனிஃபார்ம் துவைக்கல சார்," என்றாள் பேச்சியம்மாள். "நேத்து நீங்க வேற சுத்தத்தைப் பத்தி எங்களுக்குக் கிளாஸ் எடுத்தீங்க."

விதியைத் தளர்த்தி நால்வரையும் பிரித்துவிட்டேன். நன்றி சொல்ல ஷிப்ட் மாறும் நேரத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள், நாலாமவள் அறையில் லாரிக்குக் காத்திருந்தாள்.