லாந்தர் றோலண்ட்

மடியில் ரேடியோவைத் தூக்கி வைத்து, அதன் முகத்தில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டுதான் றோலண்ட் பாட்டுக் கேட்பான். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றுபோகும் அளவுக்குச் சத்தம் வைப்பான். கொஞ்சம் குறைக்கக்கூடாதா என்று கேட்க யாராவது வாசலில் வந்து நின்றால், அவர்கள் வாயைத் திறக்குமுன் தானே தொடங்கிவிடுவான். "வாங்க, வாங்க. கேட்டீங்களா இந்த அடிய? மத்த பாட்டெல்லாம் பூனை நடக்கிற மாதிரி. இதுதான் நம்ம இஸ்டோரு மாதிரி." வந்தவர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போவார்.

இஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. கந்தப்பளைக்கு மேலே, மூடுபனி மத்தியானத்திலும் இறங்கிவந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு தோட்டத்தில், கொழுந்தை முறுக்கிப் பிழியும் ரோலர் மெஷின் ஒன்றுக்கு றோலண்ட் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் வயது. காதை மூடி வளர்ந்த முடி. கொழும்பில் மவுசு போன பிறகு கந்தப்பளைக்கு வந்து சேர்ந்த பெல்பொட்டம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதே பெல்பொட்டம்தான். 'றெட் லேன்டர்ன்ஸ்' என்ற கொழும்பு இசைக் குழுவின்மேல் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். சிங்களம், தமிழ், இங்கிலீஸ் மூன்றையும் கலந்து பாடி, மேடைக்கு மேலே சிவப்பு லாந்தர்களைத் தொங்கவிட்டு, கிட்டாரும் ட்ரம்ஸுமாக மொத்தியெடுக்கும் குழு அது. அதனால் அவன் லாந்தர் றோலண்ட் ஆனான். தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் சிரித்தார்கள், பங்களாப் பக்கமும் சிரித்தார்கள்.

ஒட்டிக்கொண்ட கதை சிரிக்கிற கதை இல்லை. சின்ன வயதில் அவன் மாதா கோயில் பாடகர் குழுவில் நின்றவன். வயலின் என்றால் உயிர். ரோலர் அறைக்குள் போன சில வருடங்களில் அவன் காதிலிருந்து முதலில் குருவிகள் போயின. பிறகு கோயில் மணி, பிறகு பிள்ளைகளின் குரல், பிறகு வயலின். சாமியாரின் பிரசங்கமும் போனது. அதற்கு மட்டும் அவன் அவ்வளவாக வருத்தப்படவில்லை. கடைசியில் மிஞ்சியவை கனத்த சத்தங்கள்தான்: ட்ரம்ஸ், லொறி, மனைவி சிசிலியின் குரல். சிசிலிக்குக் கட்டைக் குரல். கல்யாணத்தின்போது அதைச் சொல்லிக் கேலி செய்த உறவுக்காரர்கள் உண்டு. றோலண்டுக்கு அது பெரிய கொடுப்பினையாகிவிட்டது. விடியலில் அவனுடைய இடது காதோரம் குனிந்து, "எந்திரிங்க, சங்கு ஊதிருவான்" என்று அவள் சொல்வது மட்டும் அவனுக்கு ஒழுங்காக விழுந்தது. ஆக, ஊர் நினைத்த மாதிரி அவன் நாகரிகத்தைத் தேடிப் போகவில்லை. கேட்கிற பாட்டைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். முடி வளர்த்ததுகூட, காதுக்குள் சிசிலி வைத்துவிட்ட எண்ணெய்ப் பஞ்சு வெளியே தெரியாமலிருக்கத்தான்.

ரோலர் அறைக்குள் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மெஷின்கள் ஓடும்போது அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. பெருவிரலைக் கவிழ்த்தால் அழுத்தத்தைக் கூட்டு. மூக்கைத் தொட்டால் டீமேக்கர் வருகிறார். தேயிலை பதம்பார்க்கும் அந்தப் பெரிய உத்தியோகத்தர் முத்துலிங்கம் எந்நேரமும் ஒரு பிடி இலையை மூக்கில் வைத்துக்கொண்டு திரிவதால் வந்த அடையாளம் அது. வேலைக்கு மட்டுமா, வீட்டுச் சண்டை, கோழிக்கறி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் விரல் இருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடிப்பதுபோல முஷ்டியைத் தலைக்குமேல் உயர்த்தினால் றெட் லேன்டர்ன்ஸ். அது றோலண்ட் கொண்டுவந்தது. அந்த அறையில் அவனைவிட வேகமாகப் பேசுகிறவன் கிடையாது.

மெஷின் நின்றால்தான் ஆபத்து. எல்லாரும் கையைத் தொங்கப்போட்டுவிட்டு வாயால் பேசத் தொடங்குவார்கள். இரைச்சல் அடங்குவது அவனுக்கும் தெரியும் என்பதால் அவனும் கையை இறக்கிவிட்டு உடனே எதையாவது பேச ஆரம்பிப்பான். கேள்வியை அவனே கேட்பான். தலையாட்டலில் முடிகிற கேள்வியாகக் கேட்பான். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பான். வாயாடி என்று பெயர் எடுத்தான். உண்மையில் அந்த வாய் அவன் காதுக்குக் காவல். ஏனென்றால் முன்பு அதே மெஷினில் நின்ற சின்னத்தம்பிக்குக் காது மந்தமாகி, ஒரு நாள் மெஷின் நின்றிருந்தபோது பக்கத்து ஆள் கத்திய கத்தல் விழாமல் அவன் சுவிட்சைப் போட்டுவிட, அந்த ஆளின் விரல் நசுங்கியது. டீமேக்கர் சின்னத்தம்பியை அன்றைக்கே வெளியேற்றினார். கொட்டும் மழையில் மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன மனுஷன் இருமிக்கொண்டு படுத்தவன்தான், பிறகு எழும்பவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் காதைக் காட்டப் போனால் செய்தி டீமேக்கருக்குப் போகும் என்று றோலண்ட் அந்தப் பக்கமே போகவில்லை. அவன் காது விஷயம் தெரிந்தவர்கள் சிசிலியும், அடுத்த ரோலரில் நிற்கும் பழனியாண்டியும்தான்.

எண்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை சீசனுக்கு றெட் லேன்டர்ன்ஸ் நுவரெலியாவுக்கு வரப்போகிறது என்ற செய்தி வந்தது. இனிமேல் மண்டபம் கிடையாது, மைதானம் என்றது ரேடியோ. முன்பு ஒருமுறை அவர்கள் வந்தபோது நாற்காலி போட்ட மண்டபம். அங்கே தோட்டத்து ஆளுக்கு இடம் ஏது? றோலண்டும் பழனியாண்டியும் வெளியே, அதிரும் பின்பக்கச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்கள். இப்போது திறந்தவெளி. லொறி லொறியாக ஒலிபெருக்கிப் பெட்டிகள் வருகின்றன, இரண்டு மாடி உயரத்துக்கு அடுக்குவார்கள், தண்ணீர்த் தொட்டி அளவு லாந்தர்கள் கம்பியில் இறங்கி வரும் என்று கந்தப்பளைக் கடைவீதி முழுக்க ஒரே பேச்சு. சலூன் வைத்திருந்த கணேசமூர்த்திக்கு மட்டும் கோபம். ஊரிலேயே முதல் ரசிகர் தானென்று சொல்லிக்கொள்பவர் அவர். மண்டபத்தில் பாடினால்தான் பாட்டு, மைதானத்துக்குப் போனால் சர்க்கஸ் என்பது அவர் கட்சி. "குரலே கேக்காதுடா. தும்மு தும்முன்னு நெஞ்சில இடிக்கிறதுதான் கேக்கும். அதுக்கா போறீங்க?" என்றார். அதற்காகத்தான் போகிறோம் என்று றோலண்ட் சொல்லவில்லை. முகமெல்லாம் பல்லாக முஷ்டியை உயர்த்திக் காட்டிவிட்டு வந்தான்.

ரசிகர்கள் லாந்தரைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவன் காத்திருந்தது வேறொன்றுக்கு. தன் காது கெட்டுப்போனதென்று அவன் ஒருநாளும் நம்பவில்லை. இத்தனை வருடமாக இஸ்டோரில் தூசாகப் பறக்கும் தேயிலைப் பஞ்சு உள்ளே போய் அடைத்துக்கொண்டது என்றுதான் நம்பினான். இலை காய வைக்கும் டிரையரில் பஞ்சு அடைத்தால் யாரும் குச்சியை விட்டுக் குடைவதில்லை. காற்றை முழுசாகத் திறந்துவிடுவார்கள். அடைப்பு புஸ்ஸென்று கிளம்பி வெளியே பறந்துவிடும். ஆளுயரப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றால் காதும் அப்படித் திறக்கும். பழனியாண்டிக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. இஸ்டோரில் வளர்ந்த யாருக்கும் வராது.

சிசிலி மட்டும் அவனுடைய இடது காதோரம் வந்து நின்று, "இருக்கிறது போதுங்க. நான் பேசுறது கேக்குதுல்ல, அது போதும்" என்றாள்.

"ஒன் கொரலு மட்டும் கேட்டா போதுமா? மணிச் சத்தம் கேக்க வேணாமா? அடைப்புதான் புள்ள. காத்தக் கூட்டுனா போயிரும்."

அவன் இவ்வளவு ஆசையாக ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. பெல்பொட்டத்தைத் தேய்த்துக் கொடுத்தாள்.

அன்று மாலை மைதானத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. பழனியாண்டி தோளால் இடித்து இடித்துக் கூட்டத்தைப் பிளந்து, அவனைப் பெட்டி அடுக்குக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். வேலி ஓரத்தில் அந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. விவரம் தெரிந்த யாரும் அங்கே நிற்கவில்லை. முதல் அடி விழுந்தபோது றோலண்டின் சட்டை படபடத்தது. மூடுபனிக்குள்ளிருந்து சிவப்பாக லாந்தர்கள் இறங்கின. பழனியாண்டி காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரத்தில் பின்வாங்கிவிட்டான். றோலண்ட் முடியை ஒதுக்கி, காதுப் பஞ்சை எடுத்தெறிந்து, இடது காதைப் பெட்டிக்குக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். ஒருமுறை கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தான். கொழும்பிலிருந்து வந்த கனவான்கள், சீமாட்டிகள், நுவரெலியா முதலாளிமார், எல்லாரும் ஒருவருக்கொருவர் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வேண்டுமா, அங்கே போகலாமா என்பதெல்லாம் கையில்தான். மைதானம் முழுக்க ஒரே ரோலர் அறை. அன்றைக்கு அவனைவிடச் சந்தோஷமாக இருந்த மனிதன் அந்த மைதானத்தில் இருந்திருக்க முடியாது. நடுவில் ஒரு தடவை கிட்டாரின் மெல்லிய கம்பி, வயலின் மாதிரி, இழைந்து கேட்டது என்று அவன் பிறகு சத்தியம் செய்தான். அது உண்மையா, ஆசையா, யாருக்குத் தெரியும்?

கடைசி பஸ்ஸில் பழனியாண்டி ஏதேதோ கேட்டான். றோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். களைப்பு என்று அவனும் விட்டுவிட்டான்.

சிசிலி தூங்காமல் இருந்தாள். இடது காதோரம் குனிந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கிட்டே போய், உதடு படுகிற மாதிரி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதுவும் அவனுக்கு விழவில்லை. மூச்சுப் பட்டுத் திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாய் அசைவது தெரிந்தது. தலைக்குள் இஸ்டோர் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

"பஞ்சு கெளம்பியிருக்கு புள்ள. வெளிய வரணும்ல. காலையில தொறந்துரும்" என்றான். தேவைக்கு மிஞ்சி உரக்கச் சொன்னான். பக்கத்துக் காம்பராவில் குழந்தை விழித்து அழுதது. சிசிலி சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து, தட்டை அவன் கையில் தொட்டுக் கொடுத்தாள்.

காலையில் திறக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கித்தான் எழுப்பினாள். அந்த வாரம் முழுக்க அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்து, காதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். தலைக்குள் ஓடிய மெஷின் மட்டும் நிற்கவே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், ரோலர் அறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது ரோலரில் நிற்கும் சோலைமலைக்கு வேலை முறை மாறியதால் நுவரெலியாவுக்குப் போகக் கிடைக்கவில்லை. அவன் முஷ்டியை உயர்த்திக் காட்டி, எப்படியிருந்தது என்று விரலை விரித்துக் கேட்டான். றோலண்டுக்கு முகம் மலர்ந்தது. லாந்தர்கள் இறங்கியதைக் கையால் இறக்கிக் காட்டினான். பெட்டியின் உயரத்துக்கு எம்பிக் காட்டினான். சட்டையைப் பிடித்து ஆட்டினான். கிட்டாருக்கு வந்தபோது வழக்கம்போல அவன் கண் மூடிக்கொண்டது. இடது கையால் இல்லாத கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, வலது கை விரல்களால் காற்றில் கம்பியை மீட்டினான்.

ஒரு தவணை இலை முடிந்தது. சோலைமலை சுவிட்சை இறக்கினான். வார்ப்பட்டை தளர்ந்து, மூன்று ரோலர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. மற்றவர்கள் கையைத் தொங்கப்போட்டு வாயால் பேசத் தொடங்கி, அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் ஒரு பிடி இலையை மூக்கில் வைத்துக்கொண்டு டீமேக்கர் நின்றிருந்தார். அவர் இலையை மோப்பம் பிடிக்கவில்லை. நிசப்தமான அறையின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, கை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் றோலண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனியாண்டி அவசரமாக மூக்கைத் தொட்டான். பார்க்கிற கண்ணாக இருந்தால்தானே. இரண்டே எட்டில் போய், றோலண்டின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கி, தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டான். அந்தப் பிடிக்குள் விரல்கள் இன்னும் மீட்டிக்கொண்டிருந்தன.