தலைகீழாக மடித்த மரகதப் பச்சை

அடுத்தவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் மாணிக்கச் சிவப்பும் நீலக்கல் நீலமுமாகத் திரை தைத்துக் கொடுக்கிறவளின் சொந்த வீட்டில் மருந்துக்குக்கூட நிறம் கிடையாது. சுவர் வெள்ளை, திரை வெள்ளை, குஷன்கூட வெள்ளை. எல்லாம் கணவரின் கைங்கரியம். மருந்துக்கடையில் நாள் முழுக்க வெள்ளைக் கோட்டோடு நிற்கிற மனுஷன், "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்" என்பார். "இது வீடா, ஆஸ்பத்திரி வார்டா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. தெருவே கலரக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கூடத்து ஜன்னலிலாவது ஒரு நல்ல நிறம் தொங்கவேண்டும்.

பல் டாக்டரம்மா வீட்டு வளைவு ஜன்னலுக்காக மரகதப் பச்சையில் வெல்வெட் வந்திருந்தது. அடேயப்பா, என்ன பச்சை! கணவருக்கு அன்று விடுமுறை.

"கை ஒழியல, கொஞ்சம் மடிச்சுக் குடுங்களேன்."

அவர் பயபக்தியோடு மேல் முனையைக் கீழ் முனையோடு சேர்த்து மடித்துக் கொடுத்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் அவளும் கவனிக்காமல், வளைவு வரைந்து கத்தரியை ஓட்டிவிட்டாள்.

வெல்வெட்டின் பூமயிருக்கு ஒரு போக்கு உண்டு. கீழ்நோக்கிப் படிந்தால் ஒரு பச்சை, மேல்நோக்கி நின்றால் இன்னொரு பச்சை. இரண்டு துண்டையும் தூக்கிப் பிடித்தால் ஒன்று வெளிறி நிற்கிறது, மற்றது இருண்டு மின்னுகிறது.

"போச்சு! நெடுக்கா மடிக்கணும்னு சொல்ல மறந்துட்டேனே!" என்று தலையில் கை வைத்தாள். மேல் வளைவை வெட்டியாயிற்று. இனித் திருப்பிப் போடவும் வழியில்லை.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "மடிச்சது நான்தானே. நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

சொன்னபடியே போனார். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மெதுவாகத் தந்தால் போதும் என்றாளாம். வேறு துணி வாங்கி அந்த வேலையும் நல்லபடியாக முடிந்தது.

மிஞ்சிப்போன இருண்ட பச்சையை, "வீணாப் போகவேணாமேன்னுதான்" என்று சொல்லிக்கொண்டு அவரே ஸ்டூல் மேல் ஏறிக் கூடத்து ஜன்னலில் மாட்டினார். வளைவு கம்பியோடு ஒட்டாமல் ஒரு மூலையில் இளித்தது.

"தற்காலிகமாத்தான்."

"சரிங்க" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரை முன்னால் நின்று அதைத் தடவிக்கொண்டிருந்தார். வெயில் பட்டுப் பச்சை தகதகத்தது.

"ஏம்மா, அந்த மாணிக்கச் சிவப்புல மிச்சத் துணி கெடக்குதே, ரெண்டு குஷனுக்குத் தேறுமா?"

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே ஓடி, சிவப்புத் துணியை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"தேறும். இந்தாங்க, நீங்களே மடிச்சுக் குடுங்க."