கூடைக்குள் கைவிட்ட மங்கை

கத்திவாக்கத்தில் மங்கையிடம் மீன் வாங்கியவர்களுக்கு அவள் வாய் தெரியும். என்னைப்போல அவளிடம் பரீட்சை கொடுத்தவர்களுக்குத்தான் அவள் கை தெரியும். காசிமேடு மீன் துறைமுகத்தில் விற்பனைக்குக் கூடை எடுக்கும்போது, மேலே பளபளக்கும் மீனை அவள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அடியில் கைவிட்டு ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சே. படிக்கவென்று பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். 2003இல் எங்கள் தொடக்கப் பள்ளியின் கல்விக் குழுவில் அவளையும் சேர்த்தோம். டீயைக் குடித்துவிட்டுக் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தது, மூன்றாம் வகுப்பு குணசுந்தரி டீச்சராகிய நான்தான்.

அந்த வருடம் பள்ளியின் தரத்தைப் பார்க்க அதிகாரி வேதமாணிக்கம் வருவதாகத் தகவல் வந்தது. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். தடுமாறாமல் படிக்கிறவர்கள் ஏழு பேர். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நாளாக மயில் பாடம் ஒன்றையே எல்லோரையும் உருப்போட வைத்தேன். அந்த ஏழு பேரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். மங்கையின் மகள் மோகனப்ரியாவுக்குக் கடைசி வரிசை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மயில் பாடத்தை ஒப்பிப்பாள்.

இதற்கு நடுவில் இன்னொரு சேதி. பஸ் ஸ்டாப் பக்கம் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் விண்ணப்பத்தை மங்கை வாங்கி வைத்திருக்கிறாளாம். அங்கே பிள்ளைகள் டை கட்டுவார்கள். மங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனால் குப்பத்தில் பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். அதிகாரியைவிட அவளுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஆய்வு நாளில் முன்வரிசை மணிமணியாகப் படித்தது. வேதமாணிக்கம் சார் பேனாவைத் திறந்து 'மிக நன்று' என்று எழுதப் போனார்.

"கொஞ்சம் இரு சார்," என்றாள் குழு உறுப்பினர் நாற்காலியில் இருந்த மங்கை. "மேல கீற மீனு சோக்காத்தான் கீது."

எழுந்து கடைசி வரிசைக்குப் போய்த் தன் மகளையே எழுப்பினாள். மீன் மடிக்க வைத்திருந்த பழைய பேப்பரில் ஒரு தாளை உருவி நீட்டினாள். "இத்தப் படி."

மோகனப்ரியா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள். "மயில் அழகான பறவை. மேகத்தைக் கண்டால் தோகை விரித்து ஆடும்."

மங்கை தாளை எட்டிப் பார்த்தாள். அதில் கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர் லாரியின் படம்.

"இன்னா டீச்சர், லாரி கவுந்துகினு கீது, இவ மயிலு ஆடுதுன்றா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் மங்கை மேல். அழுகை, என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் என்னையே பார்த்த அந்தக் குழந்தையால். நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னாள். சாரின் பேனா 'சுமார்' என்று எழுதியது.

மறுநாள் மங்கை வந்தாள். டி.சி. கேட்கத்தான் வருகிறாள் என்று டி.சி. புத்தகத்தையே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். அவள் அதன்மேல் ஒரு கட்டுப் பழைய பேப்பரைப் போட்டாள்.

"டை ஸ்கூலுக்கும் போயிருந்தேன் டீச்சர். கடைசி பெஞ்சு புள்ளைய ஒண்ணு படிக்கச் சொல்லுன்னேன். கேட்டாண்டயே தொரத்திட்டான். கூடையில கைய வுட வுடாதவன்கிட்ட நான் எப்டி வாங்குறது? நீயாச்சும் வுட்ட. மயில வுட்டுட்டு இந்தப் பேப்பர வெச்சி சொல்லிக்குடு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். டை ஸ்கூல் ஃபாரம் எங்கயும் போவாது, கூடையிலதான் கீது."

நான் எங்கே விட்டேன், அவளாகத்தானே விட்டாள். பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

வாராவாரம் வந்தாள். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் கலைத்து, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். எழுத்துக் கூட்டுவதிலிருந்து ஆரம்பித்தோம். நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா நீட்டிய தாளில் மோகனப்ரியா விரல் வைத்து, திக்கித் திக்கிப் படித்தாள். "நாளை முதல் இரண்டு நாள் குடிநீர் வராது."

"சரியாப் படிச்சுட்டா மங்கை," என்றேன் நான்.

மங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளை வெளியே அனுப்பினாள். அந்த ஏழு பேரில் ஒருவன் வெற்றி. வெளியே விளையாடிக்கொண்டிருந்த அவனைக் கூப்பிட்டு அதே வரியைக் காட்டினாள். அவனும் அதையே படித்தான். அதற்குப் பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது.

"அப்போ நான் சொன்னா நம்பமாட்டியா?"

"கோச்சுக்காத டீச்சர். விக்கிறவகிட்டயே போயி மீனு நல்லா கீதான்னு கேப்பாங்களா?"

போகும்போது எனக்கு நான்கு சங்கரா மீன் மடித்துக் கொடுத்தாள். மடித்த தாள் டை பள்ளியின் விண்ணப்பம். வீட்டுக்கு வந்து அடியில் இருந்த மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.